இருமல் நின்ற காலை

வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் சிசிலிக்கு எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய். மகள் ஜின்சி பாலக்காட்டில் ஓர் ஆய்வகத்தில் அந்த நோயின் கிருமியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கிருமிக்குள் ஒரு புரதம் உண்டு. அதற்கு என்ன வேலை என்று எவருக்கும் தெரியாது. அதை உண்டாக்கும் மரபணுவை ஜின்சி நீக்கிப் பார்த்தாள். மனித செல்லுக்குள் புகுந்து கொழுக்கும் கிருமி, இம்முறை புகுந்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. அவள் போட்ட கூச்சலில் ஆய்வகமே கைதட்டியது.

உடனே வீட்டுக்கு போன் செய்தாள். "மருந்தா வர இன்னும் பல வருசம் ஆகும்மா. ஆனா வழி தெரிஞ்சிருச்சு!"

"எனக்கு இருமல் நின்னுருச்சுடி," என்றாள் சிசிலி. "இப்பத்தான். நெஞ்சுக்குள்ள இருந்து யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு."

ஆய்வகத்துக் கிருமி சிசிலியிடமிருந்து எடுத்ததல்ல.

மறுவாரம் டாக்டர் புது எக்ஸ்ரேயைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஓட்டைகள் இருந்த இடத்தில் ஒரு தழும்புகூட இல்லை.

"சின்னப்பிள்ளை நுரையீரல் மாதிரி இருக்கே," என்றார்.

அன்று மாலை சிசிலி உரக்கப் பாடிக்கொண்டே ஏலத்தோட்டச் சரிவில் ஏறினாள். அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்து, பின்னால் சிரித்தபடி ஓடிய ஜின்சிக்குத்தான் மூச்சு வாங்கியது.