வெளியிலிருந்து வந்த முகவரி

கடைசி எச்சரிக்கை மட்டும் போகவில்லை.

மற்றவையெல்லாம் சாதுவானவை. கேமராவை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் நிரலில், நினைவகத்தின் ஓர் இடத்தைக் காட்டும் முகவரி ஒன்றின் வகையை யாரோ குறிப்பிட மறந்திருப்பார்கள். தமயந்தி எழுதிச் சேர்ப்பாள். சோதனைக் கருவி அடங்கிவிடும்.

இது அடங்கவில்லை.

வெளியிலிருந்து வரும் முகவரியை உள்ளே இருப்பதாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்றது.

கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் குணாளன் தலையை நீட்டினார்.

"ஒண்ணுதானே பாக்கி? வகையை மாத்திப் போட்டு அமுக்கிடுங்க. சாயங்காலம் எல்லா வீட்டு கேமராவுக்கும் அப்டேட் போகணும்."

எச்சரிக்கையை அமுக்கலாம். வரிக்குப் பக்கத்தில் ஒரு சொல் போதும்.

அவள் அந்த வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

வெளியே இருப்பவன் எந்த முகவரியைக் கொடுத்தாலும் கெர்னல் நம்பிவிடும். அங்கே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும்.

தொட்டில்களை. படுக்கையறைகளை.

மறதி இல்லை இது. சரிபார்க்கும் வரி ஒன்று முன்பு இருந்திருக்கிறது. எடுத்திருக்கிறார்கள்.

எடுத்தவர் என்று பதிவில் இருந்த பெயர் ரெஹானா. போன வருடம் இதே இருக்கையில் இருந்தவள். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டவள்.

தமயந்தி படிக்கட்டுக்குப் போய் அவளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"எடுத்தது நான் இல்ல தமயந்தி. அதைச் சேர்த்ததே நான்தான். மறுநாள் பார்த்தா காணோம். என் பேர்லயே எடுத்திருந்தாங்க."

ரெஹானா எங்கோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"யாருன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அங்க இருக்க முடியல."

திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். கைதட்டினார்கள். சுவரிலிருந்த பெரிய திரையில் பச்சை எழுத்து.

எச்சரிக்கை ஏதுமில்லை.

அவள் குனிந்து தன் திரையைப் பார்த்தாள். அந்த வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் அந்த ஒற்றைச் சொல். அமுக்கியாகிவிட்டது.

மாற்றியவர்: தமயந்தி.

அவள் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாள்.

குணாளனும் கைதட்டிக்கொண்டிருந்தார். அவளை மட்டும் பார்த்தபடி.

"சூப்பர்ங்க," என்றார். "இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்."

யாரோ சமோசா வரவழைத்திருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அவளுக்கும் ஒன்றை நீட்டினார்கள். வாங்கி வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தாள்.

அந்தச் சொல்லை அழித்தாள். சரிபார்க்கும் வரியைத் திரும்ப எழுதினாள். கீழே, அது எதற்கு என்று எழுதினாள். அது யார் பெயரில் எடுக்கப்பட்டது என்றும், அந்தச் சொல் யார் பெயரில் சேர்க்கப்பட்டது என்றும், அப்போது தான் எங்கே நின்றிருந்தாள் என்றும் எழுதினாள்.

அலுவலகத்தில் இருந்த எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பினாள்.

ஒவ்வொரு மேசையாகப் பேச்சு நின்றது.

குணாளன் மட்டும், திரையைப் பார்க்காமல், இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.