பெட்டி எங்கே இறங்கும்?

பாகூரிலிருந்து பாரிசிலிருக்கும் கணவனிடம் போகத் தமிழ்க்கொடிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி அரிகரன்.

"மொதல் டிக்கெட்டுல ரெண்டு கம்பெனி பிளேன்க்கா. மசால் கடலைக்குக்கூட காசு. மும்பையில பெட்டிய நீயே எடுத்து அடுத்த பிளேன்ல போடணும். ரெண்டாவதுல சாப்பாடு ஃப்ரீ, பெட்டி நேரா பாரிசுக்கே வந்துடும். வெலையும் ஒண்ணுதான். இன்னா யோசிக்கிற?"

கல்யாணமான வாரமே விமானம் ஏறியவன் தினமும் போனில் பேசுகிறான். பேசி முடித்த பிறகும் அவன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"மொதல் டிக்கெட்டே போடுடா."

"லூசாக்கா நீ? பெட்டியத் தூக்கிக்கினு அலையணுமா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாகிட்ட சொல்லாத. மும்பையில பெட்டி என் கைக்கு வந்தாத்தானடா, மனசு வரலன்னா அப்படியே வூட்டுக்குத் திரும்ப முடியும்?"