குத்தாத வைக்கோல்

“குழந்தை இல்லாத தொட்டிலுக்கு எதுக்குடி இவ்வளவு அலங்காரம்?” என்று சித்தி முன்பொரு முறை எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்து என்னிடம் கேட்டாள். பிறந்த அன்றே தன் குழந்தையைப் பறிகொடுத்த பிறகு, இன்றுதான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக் குடில், மாடு, இயேசுவின் தந்தை சூசையப்பர் பொம்மைகளோடு கூடத்து மூலையில் இருக்கிறது. குழந்தை இயேசுவைக் கிறிஸ்துமஸ் இரவில்தான் வைப்போம். அதுவரை அவருக்குத் தொட்டிலான முன்னணையில் வெறும் வைக்கோல்தான். “அவ கண்ணுல படாம மூடுடி” என்று அம்மா என் காதைக் கடிக்கிறாள். நான் துண்டோடு வருவதற்குள் சித்தி குடிலின் முன் உட்கார்ந்துவிட்டாள். “மாடு நல்லாக் கொழுத்திருக்கு, சூசையப்பர் மட்டும் ஏன் இப்படி இளைச்சிருக்காரு? சாப்பாடெல்லாம் மாட்டுக்கேவா?” சிரிக்கலாமா என்று தெரியாமல் அம்மா என்னைப் பார்க்கிறாள். ஜன்னல் வெயில் வைக்கோலின் மேல் விழுந்து கிடக்கிறது. சித்தி மணிக்கட்டின் உள்பக்கத்தை முன்னணைக்குள் வைத்து மெல்ல அழுத்துகிறாள். “குத்துதுடி.” தடித்த துரும்புகளைப் பொறுக்கி மடியில் போடுகிறாள். மறுபடியும் மணிக்கட்டை வைத்துப் பார்க்கிறாள், மறுபடியும் பொறுக்குகிறாள். யாருக்காக என்று கேட்க என் நாக்கு துடிக்கிறது. மெல்லிய வைக்கோலை மட்டும் பரப்பி, நடுவில் ஒரு சிறு தலை அளவுக்குக் குழி செய்கிறாள். பிறகு மடியில் கிடந்த துரும்புகளைக் கையில் அள்ளிக்கொண்டு வாசலைக் கடந்து போகிறாள்.