உலோகனின் நடை

"மிஷினை நிறுத்துய்யா!" என்று கத்தினார் டைரக்டர் சென்னகிருஷ்ணன்.

மேடையில் மிஷின் எதுவும் ஓடவில்லை. திம்மராயன்தான் நின்றிருந்தார். அவர் காலடியில் செத்த மகனாகப் படுத்திருந்தவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. மே தினத்தன்று தொழிலாளர்கள் முன்னால் போடப்போகும் நாடகம். கம்பெனியில் பிரஸ் மிஷினில் சிக்கி இறந்த மகனைப் பார்த்து அப்பா கதற வேண்டும்.

"பெத்த புள்ள செத்துக் கெடக்கறான். நீ மரமாட்டம் நிக்கற. மூஞ்சில ஒரு அசைவு இல்ல, கொரல்ல ஒரு ஏத்த எறக்கம் இல்ல. அந்த உலோகன் இன்னும் உன்ன விடலையாடா?"

உலோகன். அந்த வட்டாரத்தில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. வாராவாரம் டிவியில் வந்த விஞ்ஞானத் தொடரில், வேறு கிரகத்திலிருந்து வந்து மனிதர்களோடு வாழும் இரும்பு மனிதன். கையை வீசாமல், காலைத் தேய்த்துத் தேய்த்து, இமைக்காமல் அந்த வேஷத்தில் திம்மராயன் நடந்த நடைக்காகவே ஜனங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். கன்னடத்திலும் டப்பிங் ஆகி, மாநில எல்லையான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் புகழ். தொடர் முடிந்து சில வருஷம் ஆகியும், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டால் காலேஜ் பசங்கள் விறைப்பாக நடந்து காட்டுவார்கள்.

அதற்கப்புறம்தான் வேறு வேஷமே அமையவில்லை. கொடுத்தவர்களும் ஒரே நாளில் திருப்பி அனுப்பினார்கள். "உலோகன் ஒட்டிக்கிட்டான் சார், போக மாட்டேங்கறான்" என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம்.

"இன்னொரு தடவ, கிருஷ்ணா" என்றார் திம்மராயன். இரண்டு கையாலும் முகத்தைப் பிசைந்துகொண்டார். கன்னத்தில் தானே ஓர் அறை அறைந்துகொண்டு மகன் பக்கம் திரும்பினார்.

'ஐயோ மகனே' என்று அலற வேண்டிய இடம். பஸ் ஸ்டாண்ட் மைக்கில் அறிவிப்பது போல வந்தது குரல். ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முகம் மட்டும் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கிளிசரின் போட்டியா?"

"இல்லப்பா. நெசமாத்தான் அழுவறேன்."

"நெசமா அழுதா அது மூஞ்சில தெரியணும்டா. போதும், எறங்கு. கங்கப்பா, நீ வா. அப்பா வேஷம் நீ பண்ணு."

போலீஸ் வேஷத்துக்காகக் காத்திருந்த லேத் ஆபரேட்டர் கங்கப்பன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"வேணாம் கிருஷ்ணா. ஒரே ஒரு நாடகம். அதுக்கப்பறம் உன்ன எதுவும் கேக்க மாட்டேன். கால்ல வேணா விழறேன்."

நிஜமாகவே குனிந்தார். பாதிதான் குனிய முடிந்தது. சென்னகிருஷ்ணன் பதறிப்போய்த் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"என்னடா இது? உனக்கு என்ன கொறச்சல்? என் ட்ரூப்புல வளந்தவன் நீ. ஜவளகிரியில துரியோதனன் வேஷம் கட்டிக்கிட்டு, கால் எடுக்க வராம நடு மேடையில நின்னியே, ஞாபகம் இருக்குதா? வெளிய போடான்னு நான் தொரத்தி உட்டதுதான் உனக்கு யோகமாச்சு. அடுத்த மாசமே டிவிக்காரன் தூக்கிக்கிட்டுப் போனான். ஊரே உன்ன நடிகன்னு கொண்டாடிச்சு. இத்துனூண்டு நாடகத்துக்கு ஏன்டா இப்படி உயிர உடற?"

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி முனிலட்சுமி அதற்குமேல் தாங்காமல் உள்ளே வந்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. பெங்களூர்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். நடுக்குவாதமாம்."

"நடுக்கமா? அவன் கை நடுங்கவே இல்லையேம்மா."

"எல்லாருக்கும் நடுங்காதாம். இவருக்கு ஒடம்பு இறுகிப் போவுது. மூஞ்சி அசையாது, கொரல் எழும்பாது. மாத்திரை குடுத்திருக்காங்க. ஆனா போகப் போக எழுந்து நிக்கறதே..." அவளால் முடிக்க முடியவில்லை. "அதுக்குள்ள ஒரு தடவையாவது நடிச்சிரணும்னு துடிக்கிறாருண்ணா."

செத்த மகன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

சென்னகிருஷ்ணன் நண்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாவி, மொதல்லயே சொல்லக் கூடாதா? உலோகன் ஒட்டிக்கிட்டான்னு நானும் சேந்து கேலி பண்ணேனே! போவட்டும் உடுடா. இந்தக் கண்ராவி வியாதி வர்றதுக்குள்ளயே நீ ஜெயிச்சிட்ட. அந்த நடை ஒண்ணு போதும். அந்த மாதிரி நடிக்க இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

திம்மராயன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு பிரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் அதுல நடிக்கவே இல்ல, கிருஷ்ணா."