பத்து நொடி மாப்பிள்ளை

முப்பத்தோரு பேரில் இருபத்தொன்பது பேர் அவுட். திரையில் மிச்சம் இரண்டு பேர்.

அவுட் ஆனவர்களும் போகவில்லை. மைக்கை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசு நான்.

சிரிக்காதீர்கள். ஐந்து வருடத்தில் பதினான்கு மாப்பிள்ளைகள் எங்கள் அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்து போண்டா தின்றுவிட்டுப் போனார்கள். பதினான்கு பேரும் வாயைத் திறந்தது போண்டாவுக்கு மட்டும்தான். மீதிப் பேச்சையெல்லாம் அவர்களுடைய அம்மாக்கள் பேசினார்கள்.

அதனால்தான் ஆன்லைனில் போட்டி. ஜெயிப்பவரைக் கட்டிக்கொள்கிறேன், மறுபேச்சு இல்லை என்று அப்பாவிடம் சத்தியம் செய்திருந்தேன். பெண் கிடைக்காமல் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அடுத்தவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியே வயசாகிறது. இரண்டே நாளில் முப்பத்தோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

விண்ணப்பத்துக்கு அப்பா இருபது கேள்விகள் எழுதித் தந்தார். இதென்ன பத்திரப் பதிவா என்று ஒன்பதை நான் வெட்டினேன்.

விளையாட்டு லேசானது. நான் ஓர் எழுத்து சொல்வேன். அந்த எழுத்தில் ஒரு பேர், ஊர், பூ, பழம். பத்து நொடி. அப்பா விசில் ஊதினால் ஆட்டம் முடிந்தது.

மூன்றாவது சுற்றில் ஒருவர் மேசைக்கு அடியில் அம்மாவை ஒளித்து வைத்திருந்தார். அவரை வெளியேற்றினேன். அந்த அம்மா எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, தன்னை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

கடைசி இரண்டு பேரில் ஒருவர் நவநீதகிருஷ்ணன். எடப்பாடிப் பக்கம் கோழிப்பண்ணை. கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஐயாயிரம் கோழிகள் பேசிக்கொண்டிருந்தன.

இன்னொருவர் ஜீவா. ராஜஸ்தானில் எங்கோ ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு நின்றார். மஞ்சள் ஹெல்மெட், முகமெல்லாம் கல் தூசி.

ஆறாவது சுற்றில் எழுத்தைச் சொன்னதும் ஜீவா, "ஏனுங்க, காலையில இருந்து கத்தறீங்களே, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். பத்தில் நான்கு நொடி அதிலேயே போயிற்று. மிச்ச ஆறில் நான்கும் சொல்லிவிட்டார்.

எனக்கு ஜீவாவைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பிடித்துவிட்டது.

அம்மா கேசரிக் கிண்ணத்தோடு என் பின்னால் நின்றாள். ஒற்றைப் பிள்ளையாகப் போய்விட்டேனே, நாளைக்குச் சீர் கொண்டுவர ஓர் அண்ணன் தம்பி இல்லையே என்பது அவளுடைய இருபத்தேழு வருடத்துக் கவலை. நல்ல காரியம் எதுவானாலும் அதைச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். அன்றும் சிந்தினாள்.

கடைசிச் சுற்றில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். பழத்தை எடுத்துவிட்டுச் சாமி என்று மாற்றினேன். ரிக் வண்டிக்காரர்கள் புது இடத்தில் தேங்காய் உடைத்து, சாமி பேரைச் சொல்லாமல் எந்திரத்தைத் தொட மாட்டார்கள். ஜீவாவுக்கு அது நாக்கு நுனியில் இருக்கும்.

எழுத்து, க. கந்தன், கணபதி, கருப்பசாமி என்று ஊர்ப்பட்ட சாமிகள் இருக்கும் எழுத்து.

முதலில் நவநீதகிருஷ்ணன். கந்தசாமி, கரூர், கனகாம்பரம் வரை குதிரையாக வந்தார். சாமியில் நின்றுவிட்டார். அவர் தலைக்குப் பின்னால் ஒரு காலண்டரில் கந்தனே வேலோடு நின்றுகொண்டிருந்தான். அப்பா விசில் ஊதினார். கோழிகள் அடங்கிப்போயின.

அடுத்தது ஜீவா.

"கனிஷ்கா, கரூர், கனகாம்பரம்..." கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார். "கல்லாங்காட்டு முனியப்பன்!"

இரண்டு நொடி மிச்சம்.

இருபத்தொன்பது பேரும் கை தட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அப்பா மட்டும் விசிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்ததும் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அது உங்க கொலசாமிங்களா?"

ஜீவா ஆமாம் என்று தலையாட்டினார். தாத்தா காலத்திலேயே ஊரைவிட்டு வந்துவிட்டார்களாம். இப்போது இருந்த இடத்திலேயே பேரைச் சொல்லிக் கும்பிடுவதோடு சரியாம்.

கல்லாங்காட்டு முனியப்பனுக்குக் கோயில் கிடையாது. சொந்த ஊரில் எங்கள் தோட்டத்து மூலையில் மூன்று கல். அந்தப் பேரைச் சொல்லிக் கும்பிடுவது எங்கள் பங்காளிகள் மட்டும்தான். பங்காளி வீட்டுப் பையன் எனக்கு அண்ணன் முறை. அண்ணனை யாரும் கட்டிக்கொள்வதில்லை.

நான் வெட்டிய ஒன்பது கேள்விகளில் முதல் கேள்வி, குலதெய்வம் எது என்பது.

ஜீவாவுக்கும் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் முகத்துத் தூசியைத் துடைத்தார். அவர் துடைத்தது தூசியைத்தான் என்று நம்ப எனக்கு விருப்பமில்லை.

"அம்மிணி," என்றார், தங்கையைக் கூப்பிடுவதுபோல. அதுவரை ஏனுங்க என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு உங்க கொழந்தைக்குக் காது குத்தறப்ப, தாய்மாமன் மடி என்னுதுதானுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க, அடக்க முடியாமல் அழுதேன்.

பின்னால் அம்மாவும் அழுவது கேட்டது. எனக்காகத்தான் என்று நினைத்துத் திரும்பினேன்.

என்னைத் தாண்டிக் கையை நீட்டி, "வாயத் தொற சாமி," என்று அவள் கணினித் திரைக்குக் கேசரி ஊட்டிக்கொண்டிருந்தாள்.