பன்னிரண்டு மடங்கு

இருபது முகப் பகடை உருண்டு நின்றது.

இருபது.

மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மணி பதினொன்று நாற்பதுதான் ஆகியிருந்தது. சாயங்காலம் ஆறு வரைக்கும் ஓட வேண்டிய சண்டை.

இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மடிப்பாக்கத்தில், அவள் வீட்டு மேசையில் நடக்கும் ஆட்டம். கதை சொல்வது அவள். மற்ற மூவரும் கதைக்குள் வீரர்கள். வீசிய வாள் படுமா, எவ்வளவு படும் என்பதைப் பகடை சொல்லும். மீதியைத் தடித்த ஒரு விதிப்புத்தகம் சொல்லும்.

அதாவது, ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏரிக்கு அடியில் உறங்கும் ஏழுதலை நாகம். நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினாள். தலைக்கு ஒரு குரல். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏழையும் பேசிப் பழகினாள்.

முதல் தலை பாதி வாக்கியம்தான் பேசியது. அதற்குள் ஜெரால்டு வாளை வீசிவிட்டான்.

இருபது விழுந்தால் அடி இரு மடங்கு. அது புத்தகத்தில் இருப்பது.

அதை மும்மடங்காக்கச் சொன்னது பிரசன்னா. போன தீபாவளி சமயம். நல்ல நாளும் அதுவுமாக எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டாள்.

பஜ்ஜி வாங்கி வருபவரின் முதல் அடி இரு மடங்கு. இது ஷஹானாவின் யோசனை. பஜ்ஜி சூடாக இருந்தது. ஒப்புக்கொண்டாள்.

எதிரி பேசிக்கொண்டிருக்கும்போது அடித்தால் இன்னும் இரு மடங்கு. இது ஜெரால்டுடையது. நாற்பது நிமிடம் வாதாடி வாங்கினான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன் அவன். அவனிடம் யார் மல்லுக்கட்டுவது?

இன்று பஜ்ஜி வாங்கி வந்தவனும் அவன்தான்.

வாளின் அடி இருபத்திரண்டு. ஷஹானா ஃபோனில் பெருக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு மடங்கு. இருநூற்று அறுபத்து நான்கு.

நாகத்தின் உயிர் இருநூற்று நாற்பது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தப்பில்லை. புத்தகம் ஒவ்வொன்றையும் தாங்கிக்கொண்டது. தாங்குகிறதே என்று மேலே மேலே ஏற்றியவள் அவள்தான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று தெரியாதா? தெரியும். இருந்தும் இவர்கள் முகத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள். இப்போது தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"அதுக்கு இன்னொரு உயிர் இருக்குன்னு ஒரு ரூல் போட்டுடேன்," என்றான் பிரசன்னா.

"இன்னொரு ரூலா? சாமி, என்னை விட்டுடுங்கடா!"



செவ்வாய்க்கிழமை ஜெரால்டு அயர்லாந்துக்குக் கிளம்புகிறான். அங்கேதான் இனி வேலை. அதனால்தான் நாகத்தை இன்றைக்கு வைத்தாள். இன்று பொழுது சாயும் வரை நாலு பேரும் இந்த மேசையைச் சுற்றி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

பஜ்ஜிகூட இன்னும் ஆறவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது.

புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு புரட்டினாள். நாகத்தைக் காப்பாற்ற ஒரு வரியாவது கிடைக்காதா? இவர்கள் கேட்டுக் கேட்டு அவளே பென்சிலால் அடித்த வரிகள்தான் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன.

ஜெரால்டு மறுபடி உட்கார்ந்தான். அடுத்து புதையல் எங்கே என்று கேட்பான். கேட்கட்டும், புத்தகத்தாலேயே ஒன்று போடுகிறேன் என்று காத்திருந்தாள்.

அவன் கேட்கவில்லை. குனிந்து பகடையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது செல்லாதே. புத்தகத்து மேல சாஞ்சுக்கிட்டு இல்ல நிக்குது?"

பகடை மேசையின் நட்டநடுவில் ஆடாமல் அசையாமல் இருந்தது. புத்தகம் அவள் மடியில் இருந்தது.

பிரசன்னா வாயைத் திறந்தான். ஷஹானா அவன் காலை மிதித்தாள்.

"ஆமா," என்றாள் அவள். "திரும்பப் போடு."