மேடம் என்ன சொன்னவ?

அவள் பந்தலின் வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

தூக்கி அப்புறப்படுத்த இரண்டு பெண் பொலிசார் குனிந்தார்கள்.

கண்டி வீதியோரம், மாவட்டச் செயலகத்துக்கு எதிரே, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போட்ட பந்தல். போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். காலை பத்து மணிக்குள் அகற்றச் சொல்லிக் கடதாசி வந்திருந்தது. ஏழு வருடமாக இல்லாத இடைஞ்சல்.

உள்ளே கயிற்றில் அறுபத்திரண்டு படங்கள். அதில் ஒன்று அவளுடைய மகன் கதிர்வண்ணன்.

அவள் கேட்டுப் போன மற்ற எல்லா இடத்திலும் அவனுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றுதான் சொன்னார்கள். இங்கே மட்டும் அவன் எங்கே என்று கேட்டு ஒரு பலகை தொங்குகிறது. பந்தல் போனால் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அப்போதுதான் கறுப்பு வாகனம் ஒன்று வந்து நின்றது. முன்னால் சின்னதாக அமெரிக்கக் கொடி.

பொலிசார் நிமிர்ந்துகொண்டார்கள்.

ஒரு வெள்ளைக்காரப் பெண் இறங்கினாள். வேகமாக நடந்து பந்தலுக்குள் வந்தாள். படங்களுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

பிறகு கண்ணைத் துடைத்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். வந்தவள் முகம் கழுவினாள். தண்ணீர் கொடுத்தவளின் தோளில் கைவைத்து ஏதோ சொன்னாள். போய்விட்டாள்.

எல்லாம் பதினொரு நிமிடம்.

வீதிக்கு அந்தப் பக்கம் சிவில் உடையில் நின்று தினமும் இவர்களைப் படம் பிடிக்கிற புலனாய்வு ஆள் அன்றும் பிடித்தான். வாகனம் அடுத்த ஊரைத் தாண்டுமுன் படம் கொழும்புக்குப் போய்விட்டது. அங்கிருந்து அழைப்பு வந்தது. அகற்றுவது ஒத்திவைப்பு.

பொலிஸ்காரர் ஒருவர் விழுந்து கிடந்த பிளாஸ்டிக் கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

பந்தலிலிருந்த இன்னொரு தாய், தவமலரக்கா, அழுதுவிட்டார். அமெரிக்கா கண் திறந்துவிட்டது என்றார். கொழும்பிலும் அதையேதான் சொன்னார்களாம், வேறு குரலில்.

வானொலியில் ஓர் ஆய்வாளர் அந்தக் குனிந்த தலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பொருளாதாரத் தடை வரப்போகிறது என்றார். இன்னொருவர் இது துறைமுகத்தைக் கேட்டு விடும் மிரட்டல் என்றார். அமைச்சர் ஒருவர் வெளிநாட்டுப் பயணத்தை ரத்துச் செய்தார். வேறொரு நாட்டுத் தூதரகத்திலிருந்து ஆள் வந்து, பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி, குறிப்பெழுதிக்கொண்டு போனார்.

பத்திரிகை, ‘அமெரிக்க அதிகாரி அஞ்சலி’ என்று போட்டது.

அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சலி செத்தவர்களுக்குச் செய்வது.

நடந்தது என்னவென்று அவளுக்கு மட்டும் தெரியும். தண்ணீர் கொடுத்த நேரத்தில் வாகனச் சாரதி, மலையகத்துப் பெடியன், அவள் காதோடு சொல்லியிருந்தான்.

“மேடத்துக்குக் காலையிலேருந்தே வயித்தப் பெரட்டுதும்மா. கொஞ்சம் நெழல் தேடுனாங்க.”

குனிந்து நின்ற நேரமெல்லாம் அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். ஒரு படத்தையும் பார்க்கவில்லை. தோளில் கைவைத்துச் சொன்னது நன்றி. அவ்வளவு ஆங்கிலம் இவளுக்கும் தெரியும்.

அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபமில்லை. வயிறு எல்லோருக்கும்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அம்மா என்று கூப்பிட்டார். கொழும்பில் கேட்கிறார்களாம். மேடம் என்ன சொன்னவ? திரும்ப எப்போது வருவா?

பந்தலுக்குள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதே கேள்விதான்.

உண்மையைச் சொன்னால் பின்னேரமே பந்தலைப் பிடுங்குவார்கள். பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. மகனைக் கேட்டுப் போன இடமெல்லாம் அவளுக்குப் பொய்தான் சொன்னார்கள்.

அவள் இன்ஸ்பெக்டரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அதை அவவிட்டையே கேளுங்கோ.”

தூதரகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை பதில் வரும் என்றார் அவர். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் அவள் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வயிற்றுப் பிரட்டலையும் மறைக்கவில்லை.

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. தவமலரக்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்படியென்றால் ஒருவரும் வரப்போவதில்லையா என்று கேட்டார்.

அவள் பந்தலின் கால் ஒன்றை அசைத்துப் பார்த்தாள்.

ஆடியது.

நான்கு கால்களும் வெறும் மண்ணில் ஊன்றியவை. அன்று அப்படிப் போதும் என்று சொன்னது அவள்தான். பிள்ளைகள் வந்துவிட்டால் கழற்றிக்கொண்டு போகச் சுகம் என்று சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

சேலையை உதறிக்கொண்டு, வீதியைக் கடந்து சீமெந்துக் கடைக்குப் போனாள்.

நான்கு காலுக்கு நான்கு பை தாராளம் என்றார் கடைக்காரர்.

அவள் எட்டுக் கேட்டாள்.